பெயர் கேட்ட பிறகு தொடவும்

கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருவில், அடுத்தடுத்து இருந்த இரண்டு பழைய பங்களாக்களை வாங்கிக் கட்டிய மருத்துவமனை அது. முன்னால் இருந்த பங்களாவை இடித்து நான்கு மாடி எழுப்பிவிட்டார்கள். பின்னால் இருந்ததை மட்டும் விட்டுவைத்தார்கள். அதன் சாப்பாட்டு அறையில்தான் நர்சுகளுக்கான தொடர்பயிற்சி நடந்தது. கதவில் சிமுலேஷன் லேப் என்று எழுதியிருந்தாலும் எல்லோரும் அதைப் பொம்மை ரூம் என்றார்கள்.

அறை நடுவில், கட்டிலில், பொம்மை படுத்திருக்கும். ஆள் உயரம், ஆள் எடை. மார்பு ஏறி இறங்கும். மணிக்கட்டில் நாடி துடிக்கும். டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கும். எதிர்ச் சுவரில் ஒரு கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் டெக்னீஷியன் சஃப்வான் கம்ப்யூட்டரில் அதன் நாடியையும் மூச்சையும் ஏற்றி இறக்குவான். பக்கத்தில் பயிற்சி ஆசிரியை ஸ்ரீரஞ்சனி மேடம் மைக்கில் பேசுவார். பொம்மையின் தொண்டைக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியாக அந்தக் குரல் நோயாளியின் குரலாக வெளியே வரும். மேடம் மயிலாப்பூரில் பாட்டு கற்றுக்கொண்டவர். ஆண்குரலில் முனகும்போதுகூடச் சுருதி தப்பாது. "நெஞ்சு வலிக்கிறதுன்னு மேடம் சொன்னா, அடுத்து ஒரு தனி ஆவர்த்தனம் வரும்போல இருக்கு" என்று நர்சுகள் சிரிப்பார்கள்.

கட்டிலுக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. பெயர் கேட்ட பிறகு தொடவும். முதலில் நோயாளியின் பெயரைக் கேட்கவேண்டும். அவர் சொல்லும் பெயரும் கைப்பட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்க்கவேண்டும். பிறகு, நான் இன்னார், இதைச் செய்யப்போகிறேன் என்று சொல்லவேண்டும். அப்புறம்தான் கை வைக்கவேண்டும். ஒரே வார்டில் இரண்டு சரோஜாக்கள் படுத்திருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

ஜோதிலட்சுமி தோற்றது இந்த இடத்தில்தான். இரண்டு தடவை.

இரண்டாவது மாடி பெண்கள் வார்டில் அவள் ஸ்டாஃப் நர்ஸ். வார்டில் அவள் வாய் ஓயாது. ஊசி போடும்போது பேசுவாள், புண் கட்டும்போது பேசுவாள், மயக்கத்தில் இருப்பவர்களிடமும் "இப்போ திருப்பிப் படுக்கவைக்கப் போறேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவாள். ஆனால் பொம்மையின் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் வைப்பாள், ஊசி மருந்தைச் சரியாக எடுப்பாள், நாடியை எண்ணுவாள். எல்லாம் ஊமைப்படம்.

"கை எல்லாம் கரெக்டா பண்றது, வாய் எங்கடி போச்சு?" என்று ஸ்ரீரஞ்சனி மேடம் இரண்டாவது தடவை கேட்டார். "பேர் கேட்காம ஒரு மனுஷனைத் தொடலாமா?"

"மனுஷன் இல்லையே மேடம்."

"அதுதான் பயிற்சி."

நிர்வாகம் புதிதாக விதி போட்டிருந்தது. இந்தத் தேர்வில் தேறினால் ஐ.சி.யூ.வில் வேலை. மூன்றாவது தடவையும் தவறினால் வார்டிலேயே இருக்க முடியாது. கீழே ஓ.பி. கவுன்டரில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைப் பதியவேண்டும். நோயாளியைத் தொடும் வேலை அதோடு முடிந்தது. ஜோதிக்குத் தெரிந்ததெல்லாம் கையில்தான் இருந்தது.

"பொம்மைகிட்ட உனக்கு இன்னா வெக்கம்?" கேன்டீனில் ஷீலா கேட்டாள். அதே வார்டு, ஜோதிக்கு நெருக்கமானவள். "பொண்ணு பார்க்க வந்த மாதிரி தலையைக் குனிஞ்சிக்கினு நிக்கிறியாமே. சஃப்வான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்."

"வெக்கம் இல்ல."

"அப்புறம்?"

ஜோதி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடையாற்றுக் கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் எடுத்துவிட்டு, அவள் குடும்பத்தைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பியபோது அவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பெரும்பாக்கத்தில் யாரும் யார் பெயரையும் கேட்பதில்லை. எந்த பிளாக், எந்த மாடி என்றுதான் கேட்பார்கள். அங்கே போன புதிதில் இரவில் மாடிப்படியில் யாராவது ஏறி வரும் சத்தம் கேட்கும். சத்தம் ஒவ்வொரு கதவின் முன்னாலும் சற்று நின்று மேலே போகும். எண் மறந்துபோன யாரோ. அப்போது அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டுவிட்டால் போதும், அந்த ஆள் இங்கேயே தங்கிவிடுவான்.

"பேரே இல்லாத ஒண்ணுகிட்ட பேர் கேட்டா," என்றாள் கடைசியில், "அது எங்கயாவது போய் ஒரு பேரை எடுத்துக்கினு வந்துடும்னு தோணுது."

ஷீலா அவளைப் பார்த்தாள். பிறகு வடையை வாயில் போட்டுக்கொண்டாள். "நீ பஸ்ல கதை புக்கு படிக்கிறதை நிறுத்து. நாளைக்கு ஒழுங்கா வாயைத் தொற. கவுன்டர்ல போய் உக்காந்தா அந்த ஏசிலயே விறைச்சிப்பூடுவே."

மறுநாள் மதியம்தான் மூன்றாவது தேர்வு. அன்று காலை வார்டில் தாயம்மா என்ற அம்மாளுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் இரும்புப் பிசிறு அரத்தால் ராவுகிற வேலை. உள்ளங்கையெல்லாம் கரும்புள்ளிகள். முந்தின நாளே ஜோதியோடு ஒட்டிக்கொண்டுவிட்டார்.

"பரிச்சையா? இந்த வயசுலயா?" என்றார் பாதி மயக்கத்தில்.

"நர்சுக்கு சாவுற வரைக்கும் பரிச்சைதான்மா."

"பாஸாவே போ. உன் கை ராசியான கை."

ஜோதி தன் கட்டில்களை வைதேகியிடம் ஒப்படைத்தாள். வைதேகி அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண். யாருக்கு எந்த மருந்து, யார் எழுந்து நடக்கலாம், யாருக்கு இன்னும் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் பின் பங்களாவுக்கு இறங்கினாள்.

பொம்மை ரூமில் மதிய வெயில் ஜன்னல் வழியாக விழுந்து கட்டிலின் கால்மாட்டோடு நின்றிருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏதோ வாய்ப்பாட்டைச் சேர்ந்து ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் அது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அறை ஸ்பீக்கரில் மேடம் பேசினார். "நோயாளி பேர் ஜெயராம். அறுபது வயசு. ஆஸ்துமா. மூச்சுத் திணறலோட வந்திருக்கார். கதவைத் திறந்துண்டு வெளியே போனா தேர்வு முடிஞ்சதுன்னு அர்த்தம். ஆரம்பிக்கலாமா ஜோதி?"

தலையாட்டினாள். பொம்மையின் கண்கள் பாதி திறந்திருந்தன. மார்பு ஏறி இறங்கியது. ஜோதி கட்டிலருகே போய் நின்றாள். கையை நீட்டி, நீட்டிய கையை நிறுத்திக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

"வணக்கம். உங்க பேர் என்ன?"

பதில் வரவில்லை. வாய்ப்பாடு நின்றுபோயிருந்தது. பள்ளிக்கூடம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த மாதிரி இருந்தது. பொம்மையின் மார்பு ஏறியது, இறங்க மறந்தது. எங்கோ வெகுதூரம் போய்விட்டு வருகிற ஆளுக்காகக் கதவைத் திறந்துவைத்திருப்பதுபோல அதன் வாய் திறந்தே இருந்தது.

பிறகு, "தாயம்மா" என்றது.

மேடத்தின் குரல் இல்லை. அதில் சுருதி இல்லை. தொண்டை வறண்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட கிழக்குரல்.

"தாகமா கீதும்மா. சொல்லிக்கினேகீறேன், யாரும் காதுல வாங்க மாட்டேங்கிறாங்க. குளுருது."

ஜோதி பெயரைக் கேட்டுவிட்டாள். இனி தொடலாம். மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நூல்போல மெலிந்து, யாரோ துரத்துகிற மாதிரி ஓடியது. மானிட்டரில் எண்கள் நிதானமாக இருந்தன. அவள் விரலின் அடியில் பிளாஸ்டிக் ஈரமாக இருந்தது. நெற்றியைத் தொட்டாள். அங்கேயும் ஈரம், குளிர்ந்த வியர்வை. இந்தப் பொம்மைக்கு வியர்க்கிற வசதி கிடையாது.

அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் எல்லோரும் தண்ணீர் கேட்பார்கள். எல்லோருக்கும் இப்போது இல்லை என்று சொல்லிச் சொல்லி, நர்சுகளுக்கு அந்தக் கேள்வி காதிலேயே விழாமல் போய்விடும். ஆனால் தாகத்தோடு குளிரும் வியர்வையும் சேர்ந்து, நாடியும் ஓடினால், உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். பொம்மை ரூமில் முதல் வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

அவள் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவளே தெரிந்தாள், பின்னால் மூடிய கதவு தெரிந்தது. இது தேர்வில் ஒரு தந்திரமாக இருக்கலாம். மேடம் குரலை மாற்றியிருக்கலாம். சஃப்வான் துணியை நனைத்துத் தடவியிருக்கலாம். இங்கேயே நின்று ஆக்சிஜன் வைத்தால் நாளை ஐ.சி.யூ.வில் வேலை. இந்தக் கதவைத் தொட்டால் கவுன்டர்.

"யம்மா," என்றது பொம்மை. "நீயுமா?"

ஜோதி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். திரும்பும்போது மார்பில் குத்தியிருந்த பெயர் பேட்ஜ் கட்டில் கம்பியில் மாட்டி அறுந்தது. கீழே விழுகிற சத்தம் கேட்டது. நின்று எடுக்கவில்லை.

இரண்டாவது மாடியில் தாயம்மா போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. வைதேகி அடுத்த கட்டிலில் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பரிச்சை முடிஞ்சுதா? இந்த அம்மா தண்ணி தண்ணின்னு ஒரே..."

"பி.பி. பாரு. உடனே டாக்டரைக் கூப்பிடு."

மணிக்கட்டைப் பிடித்தாள். கீழே அவள் விட்டுவிட்டு வந்த அதே நாடி, அதே ஓட்டம். வயிறு மேளம் மாதிரி இறுகியிருந்தது. டியூட்டி டாக்டர் சாய்சரண் ஓடிவந்தார், வயிற்றில் கை வைத்தார், தியேட்டருக்குப் போன் செய்தார். வார்டு உதவியாளர் வேலு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லோரும் சேர்ந்து தூக்கும்போது தாயம்மா கண்ணைத் திறந்து ஜோதியைப் பார்த்தார்.

"இப்பதானே வந்து பேர் கேட்டே? கேட்டுட்டு எங்க போய்ட்டே?"

"எப்பம்மா?"

"உன் குரல்தான். ஆளைத்தான் காணோம்." லிஃப்ட் கதவு மூடியது.

ஜோதி படியில் இறங்கிப் பின் பங்களாவுக்கு நடந்தாள். தோற்றுவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை வரவில்லை. சட்டைக் கையில் தாயம்மாவின் வயிற்றிலிருந்து ஒட்டிய மஞ்சள் மருந்துக் கறை. அதைத் தேய்த்துக்கொண்டே கதவைத் தட்டினாள்.

மேடம் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "வாடி வா. கை கழுவிட்டு வரேன்னு போனவ இவ்ளோ நேரமா? என்ன நன்னா பேசினே! இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

"மேடம், நான் பாதியில..."

"உட்கார், பார்க்கலாம்."

தேர்வு முடிந்ததும் பதிவான வீடியோவைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். எங்கே தப்பு, எங்கே சரி என்று தன்னைத் தானே பார்த்துச் சொல்லவேண்டும். சஃப்வான் திரையை ஓட்டினான்.

திரையில் ஜோதி கட்டிலருகே நின்றாள். "வணக்கம். உங்க பேர் என்ன?" என்றாள்.

"ஜெயராம்" என்றது பொம்மை, மேடத்தின் ஆண்குரலில்.

"ஜெயராம் சார், நான் ஜோதிலட்சுமி. உங்க நர்ஸ். பயப்படாதீங்க, கையைப் பிடிச்சு நாடி பார்க்கப்போறேன், சரியா?" திரையில் இருந்தவள் குனிந்து மணிக்கட்டைப் பிடித்தாள். ஆக்சிஜன் வைத்தாள். எதைச் செய்தாலும் அதைச் சொல்லிக்கொண்டே செய்தாள். குரல் ஜோதியுடையது. வார்டில் பேசும் அதே குரல். அவளுக்குப் பின்னால் இருந்த கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. மார்பில் பேட்ஜ் இருந்தது. சட்டைக் கை சுத்தமாக இருந்தது.

ஜோதி தன் மார்பைப் பார்த்தாள். பேட்ஜ் இருந்த இடத்தில் நூல் தொங்கியது.

கடைசியில் திரையில் இருந்தவள் பொம்மையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அது ஒலிப்பதிவில் இல்லை. நிமிர்ந்தாள். கறுப்புக் கண்ணாடியை, அதாவது இப்போது திரையில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரையும், நேராகப் பார்த்தாள். பிறகு கேமராவுக்கு வெளியே நடந்துபோனாள்.

"அது நான் இல்ல மேடம்."

சஃப்வான் சிரித்தான். "இன்னாக்கா, டபுள் ஆக்டா?"

"நான் கதவைத் திறந்துகினு ஓடினேன். வார்டுக்குப் போனேன். தாயம்மாவுக்கு உள்ள ரத்தக் கசிவு. இப்பதான் தியேட்டருக்குக் கொண்டுபோறாங்க."

"அக்கா, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தேன். நீங்க ரூமை விட்டு..." சிரிப்பு நின்றுவிட்டது. அவன் சட்டைக் கறையைப் பார்த்தான்.

அப்போது இன்டர்காம் அடித்தது. மேடம் எடுத்தார். டாக்டர் சாய்சரணின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி இருந்தது. சரியான நேரத்தில் ஜோதியை அனுப்பிவைத்ததற்கு நன்றி, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்த அம்மாளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். மேடம் "சரி டாக்டர், சரி" என்றார். ரிசீவரை வைத்த கை சற்று நேரம் அதன் மேலேயே இருந்தது.

"வீடியோல நீ தேறிட்டே," என்றார் மெதுவாக. "என் கண்ணால பார்த்தேன். அதை எழுதினா நாளைலேர்ந்து உனக்கு ஐ.சி.யூ.ல வேலை. நீ வெளியே போனேன்னு எழுதினா..." முடிக்கவில்லை. "நான் எதை எழுதட்டும், நீயே சொல்லு."

ஜோதி யோசித்தாள். தேறியதாக எழுதினால், நாளை காலை அந்தப் பேட்ஜைக் குத்திக்கொண்டு மாடி ஏறுவது யார்?

"நான் போகலைன்னு சொன்னா, தாயம்மாகிட்ட யாருமே வரலைன்னு ஆயிடும் மேடம்," என்றாள். "நான் போனேன். அப்படியே எழுதுங்க."

"இன்னொரு தடவை வைக்கச் சொல்லி நான் நிர்வாகத்துல பேசறேன். இப்பதான் வாய் திறந்திடுத்தே உனக்கு."

இன்னொரு தடவை என்றால் மறுபடியும் அந்தக் கட்டிலருகே நின்று பெயர் கேட்கவேண்டும். இந்தத் தடவை அது தேடிக்கொண்டு எங்கேயும் போகவேண்டியதில்லை. பெயர் அதனிடமே இருந்தது. "வேண்டாம் மேடம்" என்றாள்.

மூன்று பேருமாகப் பேட்ஜைத் தேடினார்கள். கட்டிலுக்கு அடியில், மெத்தை இடுக்கில், மருந்து வண்டியின் சக்கரத்தருகே. கிடைக்கவில்லை. பொம்மை பாதிக் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தது. மின்சாரத்தை சஃப்வான் எப்போதோ அணைத்துவிட்டிருந்தான். நெஞ்சு அசையாமல் இருந்தது. அதைத் திருப்பி முதுகுக்கு அடியில் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஓ.பி. கவுன்டரில் தடித்த கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு மைக், அந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர். "பேர் என்ன?" என்று ஜோதி கேட்பாள். அவர்கள் சொல்வார்கள். அவள் அடிப்பாள். யாரையும் தொடவேண்டியதில்லை. சில நாள் மாலையில் பெரும்பாக்கம் பஸ்ஸில் நின்றுகொண்டு தன் விரல்களைப் பார்ப்பாள். உபயோகம் இல்லாமல் மாட்டிவைத்த பாத்திரங்கள்போல அவை கம்பியில் வரிசையாகத் தொங்கும். புதுப் பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். அதை அவள் பெயர் உட்பக்கம் இருக்கும்படி திருப்பியே குத்திக்கொண்டாள். ஏன் என்று ஷீலா கேட்டதற்கு, ஊக்கு சரியில்லை என்றாள்.

தாயம்மா தையல் பிரிக்க வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, கரும்புள்ளிக் கையை அதில் வைத்துத் தட்டினார். "உன்னை இன்னாத்துக்கு இங்க அடைச்சி வச்சிகீறாங்க?"

"பரிச்சைல தோத்துட்டேம்மா."

"பொய் சொல்லாத. ஐ.சி.யூ.ல என்னைப் பார்த்துக்கினதே நீதானே. விடிய விடிய பேர் கேட்டுக்கினே இருந்தியே. தாயம்மா, கையைப் புடிக்கிறேன். தாயம்மா, திருப்பிப் போடறேன்னு."

ஜோதி ஐ.சி.யூ. வாசலைக்கூட மிதித்ததில்லை.

அவர் மட்டும் இல்லை. ஐ.சி.யூ.வில் படுத்து எழுந்து வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணாடி வழியே அவளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். கூட வந்த சொந்தக்காரர்களுக்கு அவளைத் தெரியவில்லை. மேலே வேலை பார்க்கும் நர்சுகளும் அங்கே அவளைப் பார்த்ததில்லை. மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடந்தவர்கள் மட்டும் பார்த்திருந்தார்கள். ஸ்ரீரஞ்சனி மேடத்திடம் சொன்னபோது, "ஐ.சி.யூ.ல அப்படித்தான், இல்லாததெல்லாம் தெரியும், அதுக்கே தனியா ஒரு வகுப்பு எடுக்கறோமே" என்றார். ஆனால் எல்லோருக்கும் ஒரே முகம் ஏன் தெரிகிறது என்று அவரும் கேட்கவில்லை, ஜோதியும் கேட்கவில்லை. மேடம் இப்போதெல்லாம் பொம்மை ரூமுக்குத் தனியாகப் போவதில்லை.

அசோகன் திருவான்மியூர் டெர்மினஸில் ஆட்டோ ஓட்டுகிறவர். இதயத்தில் இரண்டு அடைப்பு. ஒன்றுக்கு ஸ்டென்ட் வைத்து, ஐ.சி.யூ.வில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றுக்காக மறுபடி சேர வந்திருந்தார். வரிசையில் கடைசியாக நின்றார். தன் முறை வந்ததும் குனிந்து ஸ்பீக்கரில் வாயை வைத்தார்.

"சிஸ்டர், நல்லாகீறியா? மேல ஐ.சி.யூ.ல கீறது உன் அக்காவா, தங்கச்சியா?"

"ஏண்ணா?"

"நீயேதான்னு நெனச்சேன். அங்கயே படுத்துக்கினு யோசிச்சா, அது கையைப் புடிக்குது, உன் கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே. அதுகிட்டயே கேட்டேன், கீழ கவுன்டர்ல பார்த்தேனே, அது நீதானேன்னு. இல்லைன்னு சொல்லிச்சு." சிரித்தார். "அப்புறம் ஒண்ணு கேக்கச் சொல்லிச்சு. கீழ கண்ணாடிக்குள்ள உட்கார்ந்துகீறாங்களே, அவங்க பேர் இன்னான்னு."

ஜோதியின் விரல்கள் கீபோர்டில் நின்றன. "நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு எங்க தெரியும்? உன் பேட்ஜு எப்பவும் குப்புறப் படுத்துக்கினுதானே கீது. அடுத்த தபா வரும்போது கேட்டுக்கினு வர்றேன்னு சொல்லிட்டேன். இதோ வந்துட்டேன். இன்னான்னு சொல்லட்டும்?"

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏதோ மணி அடித்தது. பிள்ளைகளின் இரைச்சல் எழும் என்று ஜோதி காத்திருந்தாள். எழவில்லை. மைக்கின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெயர் தெரியாமல் அங்கே யாரையும் தொட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அது அவளே கற்றுக்கொண்ட பாடம்தான். தன் குரலில், தன் முகத்தோடு, மேலே ஒருத்தி அதைத் தவறாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல இதைச் சொல்லுங்கண்ணா," என்றாள். "ஆபரேஷன் ஆனவங்க யாராவது தாகமா இருக்குன்னா, தண்ணி கிடையாதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போகவேண்டாம். நெத்தியைத் தொட்டுப் பார்க்கணும். அன்னைக்கு அவங்க பொம்மை ரூம்லயே நின்னுட்டாங்க, அவங்களுக்கு அது தெரியாது."

"தாகம், நெத்தி. சரி. பேரு?"

இவ்வளவு நாள் திருப்பிவைத்திருந்த பேட்ஜை ஜோதி கழற்றினாள். நேராகத் திருப்பி, கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"படிங்க."

அசோகனிடம் வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஸ்பீக்கரில் வாயை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். "ஜோ... தி... லட்... சு... மி."

"அதையே சொல்லுங்க. அது என் பேர்தான்னு சொல்லுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, நாடி ஓடும் இடத்தில், இரண்டு விரல்கள் வந்து அமர்ந்தன. கண்ணாடிக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை. விரல்கள் சூடாக இருந்தன. அழுத்தவும் இல்லை, தளரவும் இல்லை. அவள் வைப்பது மாதிரியே வைத்திருந்தன. ஜோதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. எண்ணி முடிக்கும்வரை நோயாளி அசையக் கூடாது.